செவ்வாய்க்கிழமை வரை

பெனாரா, விக்டோரியா
8 மே 1972

அன்புத் தம்பி கிளாரிக்கு,

அக்கா எல்வா எழுதுவது. நானும் முர்ரேயும் சௌகரியமாக இருக்கிறோம். அந்த இரும்புச் சுரங்கத் தூசியில் உன் இருமல் குறைந்ததா, கூடியதா என்று மறைக்காமல் எழுது.

இங்கே கோதுமை விதைப்பு ஆரம்பித்துவிட்டது. போன வியாழக்கிழமை அரை அங்குலம் மழை. உன் அத்தான் உயிரோடு இருந்திருந்தால் இதற்குள் பாதி நிலத்தை முடித்திருப்பார். முர்ரேயும் இருபத்தொரு வயதுக்கு நன்றாகத்தான் செய்கிறான், ஆனால் சனிக்கிழமை வந்தால் டிராக்டர் தானாக நின்றுவிடுகிறது. ஃபுட்பால் முடிந்துதான் அது மறுபடி கிளம்பும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை குர்ன்புரூக்கோடு ஆட்டம். முர்ரே அவர்களுடைய ஆள் டேரில் ஹாக்கிங்கின் தாடையில் முழங்கையால் இடித்துவிட்டான். பந்து அப்போது மைதானத்தின் மறுகோடியில் இருந்ததாம். டேரில் எழுந்து ஒரு பல்லைத் துப்பிவிட்டு மறுபடி ஓட ஆரம்பித்தான். அம்பயர் நோட்டை எடுத்து முர்ரே பெயரை எழுதிக்கொண்டார். வழக்கம்போல அடுத்த செவ்வாய்க்கிழமையே விசாரணை நடந்திருக்கும். விசாரணைக் குழுத் தலைவர் குடலிறக்க ஆபரேஷனுக்கு அடிலெய்ட் போயிருப்பதால் இருபத்துமூன்றாம் தேதிக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். ஆறு ஆட்டம் உட்காரவைத்துவிடுவார்கள் என்று கிளப்பில் பேச்சு.

நீ இந்த லீகில் பதினோரு வருஷம் அம்பயராக இருந்தவன். அந்த மேஜைக்குப் பின்னால் உட்காரும் மூன்று கிழவர்களையும் உனக்குத் தெரியும். இவன் என்ன சொல்ல வேண்டும், எப்படி நிற்க வேண்டும் என்று உடனே எழுது. முர்ரே முரடன் இல்லை என்பது உனக்கே தெரியும். கொஞ்சம் கோபம் முந்திக்கொள்கிறது, அவ்வளவுதான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. முர்ரே மாமாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான்.

அக்கா எல்வா

*

சுரங்க முகாம், மேற்கு ஆஸ்திரேலியா
15 மே 1972

அன்புள்ள அக்காவுக்கு,

கிளாரியின் வணக்கம். இருமல் அப்படியே இருக்கிறது. அது என்னை விட்டுப் போகாத ஒரே சொந்தம், இருந்துவிட்டுப் போகட்டும். மற்றபடி குண்டுக்கல்லாக இருக்கிறேன். கேன்டீனில் வாரம் ஆறு நாள் ஆட்டுக்கறி, ஏழாம் நாள் அதே ஆடு வேறு பெயரில் வருகிறது.

மருமகன் பெயர் நோட்டில் ஏறிய செய்தி கண்டேன். அவன் அப்பன் பெயரை நானே இரண்டு தடவை எழுதியிருக்கிறேன், அத்தான் அதற்காக என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. ஆகவே இது குடும்ப வழக்கம் என்று வைத்துக்கொள்.

இப்போது கவனமாகக் கேள். அத்தானுடைய கறுப்பு டையைக் கட்டிவிடு. வாய்த் துடுக்கு வேண்டாம். ஆனால் இதெல்லாம் மேல்பூச்சு. வழக்கு நிற்பதும் விழுவதும் அந்த ஹாக்கிங் பையன் வாயில் இருக்கிறது. வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் நம் கிளப்பிலிருந்து யாராவது குர்ன்புரூக் போய் அவனுக்கு ஒரு பீர் வாங்கிக் கொடுக்கட்டும். ஒரு வார்த்தைகூடக் கேட்க வேண்டாம். செவ்வாய்க்கிழமை அவனே வந்து, கால் வழுக்கி விழுந்தேன், இவன் முழங்கை அங்கே இருந்தது என்பான். அடித்தவனை அடிபட்டவன் காட்டிக்கொடுப்பதில்லை. பதினோரு வருஷம் நோட்டும் கையுமாக அந்த மேஜை முன்னால் நின்று இதையே முப்பது தடவை கேட்டிருக்கிறேன். கண்ணெதிரே பார்த்ததை எழுதிக்கொண்டு போன நான் பொய்யனாக நிற்பேன். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரித்துவிட்டு வருவேன். யாருக்கும் நஷ்டமில்லை.

விதைப்பு முடிந்ததும் எழுது. உன் முழங்கால் வலிக்கு அந்த எண்ணெயைத் தேய்க்கிறாயா?

தம்பி கிளாரி

*

பெனாரா
25 மே 1972

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். முழங்கால் அதன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு நடக்கிறேன்.

நீ சொன்னபடியே நடந்தது. ஆறே நிமிஷம். டேரில் ஹாக்கிங் வீங்கிய தாடையோடு வந்து நின்றான். தலைவர், "சொல்லுப்பா, யாரு அடிச்சா?" என்று கேட்டார். "தெரியலை சார். ஈரத்துல வழுக்கிருச்சு. அப்புறம் என்ன நடந்ததுன்னு எனக்கு ஞாபகம் இல்லை" என்றான். அன்றைக்கு மைதானம் காய்ந்து தூள் பறந்தது, மழை வந்தே இரண்டு நாளாகியிருந்தது. மூன்று கிழவர்களும் சிரிப்பை அடக்க முடியாமல் வழக்கைத் தள்ளிவிட்டார்கள். பாவம், அந்த அம்பயர் பையன் முகம்தான் செத்துவிட்டது. போன வருஷம்தான் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக வந்தவன், வேலன்டைன் என்று பெயர். இந்த ஊர் வழக்கம் அவனுக்குப் புதிது.

வெளியே வந்து டேரில் முர்ரேயின் தோளில் கைபோட்டு, "அடுத்த தடவை நான் அடிக்கறேன், நீ வழுக்கி விழு" என்றான். நல்ல பையன். ஆர்ச்சி, தெல்மா ஹாக்கிங்குக்கு அவன் ஒரே பிள்ளை. தெல்மாவுக்கு ஒரு பழக்கேக் செய்து அனுப்பினேன்.

உனக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா எல்வா

*

பெனாரா
23 ஆகஸ்ட் 1972

அன்புத் தம்பிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மூன்று மாதமாக நான் எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே. முர்ரே உடம்புக்கு ஒன்றுமில்லை. பயிர் முழங்கால் உயரம் நிற்கிறது. இரண்டு ஆடு இரட்டைக் குட்டி போட்டது. மேற்கு வேலியில் நாலு கம்பம் சாய்ந்துவிட்டது.

சனிக்கிழமை ஆட்டத்தில் குர்ன்புரூக் பையன் ஒருவனுக்குப் பலத்த அடி. டேரில் ஹாக்கிங்தான். விமானத்தில் மெல்போர்ன் கொண்டுபோய் மண்டையைத் திறந்து கட்டிய இரத்தத்தை எடுத்திருக்கிறார்கள். இன்னும் கண் திறக்கவில்லை.

ஆட்டத்தின் நாலு பாகத்தில் முதல் குவார்ட்டரிலேயே அந்த அடித்த ஆள் அவர்களுடைய வேறொரு பையனைப் பந்தில்லாத இடத்தில் சாய்த்துவிட்டான். வேலன்டைன் ஓடிவந்து பெயரை எழுதிக்கொண்டான். எழுதிக்கொண்டு நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தான். நம் ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் அவ்வளவுதானே செய்ய முடியும். எழுதினால் செவ்வாய்க்கிழமை விசாரணை, அதுவரை அடித்தவன் ஆடலாம். மூன்றாவது குவார்ட்டரில் அதே ஆள் பின்னாலிருந்து டேரிலின் காதோரம் குத்திவிட்டான்.

ஒன்று கேட்கிறேன், யோசித்துச் சொல். உன் காலத்தில் யாரையாவது பார்த்து, போதும், மைதானத்தை விட்டு வெளியே போ என்று சொல்ல உனக்குத் தோன்றியிருக்கிறதா? மற்ற ஆட்டங்களில் அப்படி ஒரு விதி இருக்கிறதாமே. நமக்கு ஏன் இல்லை?

குளிருக்கு விரல் மரத்துப்போகிறது, இதோடு நிறுத்துகிறேன்.

அக்கா

*

சுரங்க முகாம்
1 செப்டம்பர் 1972

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு கை ஓடவில்லை. நான் கல்லாட்டம் இருக்கிறேன், என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். தெல்மாவைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். டேரிலைப் பற்றி நல்ல சேதி வந்தால் தந்தியாவது கொடு.

நீ கேட்டதற்குப் பதில். தோன்றியிருக்கிறது, மூன்று தடவை. ஆனால் அந்த அதிகாரம் என் கையில் இல்லாததற்கு நன்றி சொல்லிக்கொண்டே படுத்திருக்கிறேன். 1963-ல் சேற்றில் நடந்த ஆட்டம் ஒன்று. முதுகில் நம்பர் தெரியவில்லை. அடித்தவன் ஒருவன், நான் எழுதியது அவனுடைய சித்தப்பா மகனை. செவ்வாய்க்கிழமை ஐந்து பேர் வந்து உண்மையைச் சொன்னார்கள், பெயரை அடித்துவிட்டேன், முடிந்தது. தப்புச் செய்யாத அவனை அன்றைக்கே வெளியே அனுப்பியிருந்தால்? ஆட்டத்தை ஜெயித்துக்கொடுத்த கடைசி கோலைப் போட்டவனே அவன்தான். போன ஆட்டத்தை யாராவது திருப்பித் தர முடியுமா? பதினெட்டுப் பேர் ஆடும் ஆட்டத்தை ஒருவன் செய்த தப்புக்காகப் பதினேழு பேர் ஏன் சுமக்க வேண்டும்? செவ்வாய்க்கிழமை என்று ஒன்று வைத்ததே சூடு ஆறட்டும் என்பதற்குத்தான் அக்கா.

விதியைக் குறை சொல்லாதே. ஆளைக் குறை சொல். பின்னாலிருந்து அடிக்கிறவன் மனுஷனே இல்லை. அவனை ஆட்டுப்பட்டியில் அடைத்துப் பூட்ட வேண்டும். அவனைப் பெற்றவள் இனி அந்த ஊரில் தலை நிமிரக் கூடாது. யார் அந்தப் பயல்? பெயரை ஏன் எழுதவில்லை? நம் பையன்களில் யார் என்று சொன்னால் அவன் தாத்தா வரைக்கும் சொல்லிவிடுவேன். முர்ரே என்ன சொல்கிறான்? பக்கத்தில் நின்று பார்த்திருப்பானே.

குளிரில் வேலிக் கம்பம் நட நீ போகாதே. ஆள் வைத்துக்கொள்.

தம்பி கிளாரி

*

பெனாரா
1 அக்டோபர் 1972

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அலமாரியில் கோதுமை மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன், முர்ரே கண்ணில் படக் கூடாது என்று.

நான் தலை நிமிர்வதில்லை கிளாரி. நீ சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அஞ்சல் நிலையத்துக்குக்கூட மதிய உணவு நேரத்தில், யாரும் இல்லாதபோதுதான் போகிறேன்.

முர்ரே விசாரணையில் ஒன்றையும் மறைக்கவில்லை. "ரெண்டு பேரையும் நான்தான் அடிச்சேன்" என்று மட்டும் சொன்னான். ஏன் என்று கேட்டதற்கு, "தெரியலை சார், கோபம் ஏறிருச்சு, யாரும் நிறுத்தலை" என்றான். பத்து வருஷம் தடை போட்டார்கள். போலீஸ்காரர் வந்து தேநீர் குடித்துவிட்டு, மைதானத்துக்குள் நடந்தது மைதானத்தோடு போகட்டும் என்று போய்விட்டார். செவ்வாய்க்கிழமை அவர்கள் பத்து வருஷம் கொடுத்தார்கள். சனிக்கிழமை மீதி ஆட்டத்துக்கு மட்டும் உட்காரவைத்திருந்தால் போதும். டேரிலும் முர்ரேயும் இரண்டு பேருமே தப்பித்திருப்பார்கள்.

வேலன்டைன் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "முதல் அடியிலயே அவன் கண்ணைப் பார்த்தேன், இவன் இன்னொருத்தனை அடிப்பான்னு தெரிஞ்சுது. என் கையில ஒரு நோட்டும் பென்சிலும்தானே இருந்துச்சு மிசஸ் ரட்ஜ்?" என்றான். இருபத்துமூன்று வயதுப் பிள்ளை. என் சமையலறையில் நின்று அழுதான்.

போன ஆட்டத்தைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டாய். ஆட்டம் போனால் அடுத்த சனிக்கிழமை இன்னொன்று வரும்.

பிப்ரவரி பதினெட்டாம் தேதி லீகின் ஆண்டுக் கூட்டம். முரட்டு ஆட்டக்காரனை அம்பயர் வெளியே அனுப்பலாம் என்று விதி கொண்டுவரச் சொல்லிக் கேட்கப்போகிறேன். அடித்தவனின் அம்மா நானே கேட்டால் அவர்கள் எப்படி மறுப்பார்கள் என்று பார்க்கிறேன். பழைய அம்பயர் என்ற முறையில் நீ ஒரு கடிதம் எழுதிக் கொடு. உன் சொல்லுக்கு இங்கே இன்னும் மதிப்பு உண்டு.

அக்கா

*

பெனாரா
12 நவம்பர் 1972

அன்புத் தம்பிக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்பு சரியில்லையா, மனசு சரியில்லையா? எதுவானாலும் எழுதிப் போடு.

டேரிலை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நடக்கிறான், ஒரு கால் இழுக்கிறது. வலது கையில் கரண்டி நிற்பதில்லை. குர்ன்புரூக்கில் ஆர்ச்சி வயலில் அறுவடைக்கு ஆள் இல்லை என்று கேள்விப்பட்டு முர்ரே என்னிடம்கூடச் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனான். ஆர்ச்சி கேட்டைத் திறக்கவும் இல்லை, பூட்டவும் இல்லையாம். இவனே திறந்துகொண்டு போய் அறுவடை இயந்திரத்தில் ஏறியிருக்கிறான். அதிலிருந்து வாரா வாரம் போகிறான்.

போன வாரம் டேரில் தண்ணீர்க் குடுவையோடு வயலுக்கே வந்துவிட்டான். "புதுசா வேலைக்கு வந்திருக்கீங்களா? பேர் என்ன?" என்று கேட்டிருக்கிறான். முர்ரே பெயரைச் சொன்னான். "நல்ல பேர்" என்றானாம். மே மாதம் ஞாபகம் இல்லை என்று இவனுக்காகப் பொய் சொன்ன பிள்ளைக்கு இப்போது நிஜமாகவே ஞாபகம் இல்லை. முர்ரே இதை என்னிடம் சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். நான் போய்த் தலையைப் பிடித்துக்கொண்டேன், சின்ன வயதில் பிடித்த மாதிரி. வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கடிதம் என்ன ஆயிற்று கிளாரி?

அக்கா

*

சுரங்க முகாம்
3 டிசம்பர் 1972

அக்காவுக்கு,

என் வணக்கம். இங்கே வெயில் நூற்றுப் பதினைந்து டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுகிறது. உடம்புக்கு ஒன்றும் கேடில்லை.

நாலு தடவை எழுதி நாலு தடவையும் கிழித்தேன். அவன் என் மருமகன் என்று தெரியாமல் நான் எழுதிய வார்த்தைகளை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. தெரிந்திருந்தால் அந்த வார்த்தைகளை எழுதியிருக்க மாட்டேன். அது இன்னும் கேவலம் என்பதும் எனக்குப் புரிகிறது.

அந்தப் பீர் என் யோசனை. மே மாதம் அவனை ஆறு ஆட்டம் உட்காரவைத்திருந்தால், அடித்தால் என்ன ஆகும் என்று அவனுக்கு ஒரு தடவையாவது தெரிந்திருக்கும். அடித்தால் ஒன்றும் ஆகாது என்று கற்றுக்கொடுத்தது நான். இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு சிரித்துக்கொண்டே கற்றுக்கொடுத்தேன்.

ஆனால் நீ கேட்கும் கடிதத்தை என்னால் எழுத முடியவில்லை அக்கா. விதி வேண்டும் என்று எழுதினால் ஏன் வேண்டும் என்றும் எழுத வேண்டும். முப்பது பொய்யைக் கேட்டுச் சிரித்துவிட்டு வந்தவன் என்று கூட்டம் நடக்கும் லீக் மண்டபத்தில் வாசிப்பார்கள். அங்கே சுவரில் என் படம் மாட்டியிருக்கிறது. என்னிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். என்னைக் கோழை என்று நினைத்துக்கொள்.

முர்ரேயைத் திட்டாதே. அவன் சாப்பிடுகிறானா என்று பார்.

கிளாரி

*

பெனாரா
7 ஜனவரி 1973

கிளாரிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முர்ரே சாப்பிடுகிறான், வைத்ததைச் சாப்பிடுகிறான், இன்னும் வேண்டும் என்று கேட்பதில்லை. கிறிஸ்துமஸுக்கு யாரும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நாங்களும் எங்கேயும் போகவில்லை.

நீ கோழைதான். நான் சொல்லவில்லை என்றால் வேறு யார் சொல்வார்கள்? என் மகன் எல்லார் முன்னாலும் நின்று நான்தான் அடித்தேன் என்று சொல்லிவிட்டு வந்தான். ஒரு படத்துக்காக நீ வாயை மூடிக்கொண்டிருக்கிறாய். உன் படத்தில் ஒட்டடை படிந்து இரண்டு வருஷமாகிறது, துடைக்க ஆளில்லை.

எழுது. பீர் வாங்கிக் கொடுக்கச் சொன்னதையும் சேர்த்து எழுது. பாதியை மறைத்து எழுதினால் அதை வாசித்து ஒரு பிரயோஜனமும் இல்லை. தப்பில் பங்கு இருக்கிற ஒவ்வொருவரும் தன் பங்கைச் சொன்னால்தான் அந்த மண்டபத்தில் யாராவது அசைவார்கள்.

எட்டுக் கிளப். ஐந்து ஓட்டு வேண்டும். நாட்கள் அதிகமில்லை.

எல்வா

*

சுரங்க முகாம்
4 பிப்ரவரி 1973

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. இத்தோடு லீக் செயலாளருக்கு எழுதிய கடிதத்தின் நகலை வைத்திருக்கிறேன். எதையும் மறைக்கவில்லை. பீர், டை, முப்பது பொய், எல்லாம் இருக்கிறது. முதல் அடியிலேயே வெளியே அனுப்பும் அதிகாரம் அம்பயருக்கு வேண்டும், அது இல்லாத அம்பயர் நடந்ததை எழுதிவைக்கும் குமாஸ்தா மட்டுமே என்று முடித்திருக்கிறேன்.

தபாலில் போட்டுவிட்டு வந்து இரண்டு நாள் கேன்டீன் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் இருமல் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. அது தபாலால் இல்லை, மருந்தால்தான், நீ வேறு மாதிரி நினைத்துக்கொள்ளாதே.

என்ன நடந்தாலும் எழுது. முர்ரேக்கு என் அன்பு. அவனை ஆட்டுப்பட்டியில் அடைக்கச் சொன்னதை அவனுக்குக் காட்டிவிடாதே.

தம்பி கிளாரி

*

பெனாரா
20 பிப்ரவரி 1973

அன்புத் தம்பிக்கு,

நானும் முர்ரேயும் உடம்பளவில் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

தோற்றுவிட்டோம். ஆறுக்கு இரண்டு. நம் பெனாரா கிளப்பே எதிராகத்தான் ஓட்டுப் போட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கூட்டம். மண்டபத்துக்குள் உலை மாதிரி வெக்கை. எனக்கு ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். எழுதி வைத்திருந்ததைப் படிக்காமல் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். "என் மகனை அன்னைக்கு முதல் குவார்ட்டர்லயே வெளியே அனுப்பியிருக்கணும். அனுப்ப உங்ககிட்ட விதி இல்லை. இனியாவது வையுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அப்புறம் செயலாளர் உன் கடிதத்தை வாசித்தார். முழுசாக வாசித்தார், அதற்கு நான் சாட்சி. பீர் வந்த இடத்தில் ஒருவன் சிரித்தான், வேறு யாரும் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டான். கொஞ்ச நேரம் நமக்குக் கிடைத்துவிடும் என்றே நினைத்தேன்.

அப்போது ஆர்ச்சி ஹாக்கிங் எழுந்தார். குர்ன்புரூக்குக்கு அவர்தான் பிரதிநிதி. தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே பேசினார்.

"பதினேழு பேரோட ஆடறது நம்ம ஆட்டம் இல்லை. நான் நாற்பது வருஷமா இதைப் பார்க்கறேன். டேரிலும் விரும்பித்தான் ஆடினான். அவன்கிட்ட கேட்டாலும் இதைத்தான் சொல்லுவான்."

டேரிலிடம் கேட்க முடியாது என்பது அந்த மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அடிபட்டவனுடைய அப்பாவே வேண்டாம் என்ற பிறகு மற்றவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. கையைத் தூக்கினார்கள். நாற்பது வருஷம் நல்லது என்று நம்பிய ஒன்று தன் பிள்ளையைத் தின்றுவிட்டது என்று அந்த மனுஷரால் எப்படிச் சொல்ல முடியும்? எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தாங்கிக்கொள்வது சுலபமாக இருந்திருக்கும்.

சமையலறைக்குப் போனேன். பெண்கள் சாண்ட்விச் வைத்துவிட்டு வெளியே காற்றுக்குப் போயிருந்தார்கள். தெல்மா மட்டும் தொட்டியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். ஆகஸ்டுக்குப் பிறகு நானும் அவளும் ஒரே அறையில் நின்றது அதுதான் முதல் தடவை. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். அவள் துண்டை எடுத்து என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கித் துடைக்க ஆரம்பித்தேன்.

பத்துப் பதினைந்து கோப்பை துடைத்து அடுக்கியிருப்பேன். பிறகு அவள், "நல்லாப் பேசினே. இங்கே கேட்டுச்சு" என்றாள்.

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் கேட்க விடவில்லை.

"விதி இருந்து, அந்த வாத்தியார் பையன் உன் மகனை வெளியே அனுப்பியிருந்தா, அன்னைக்கு நீ என்ன பண்ணியிருப்பே எல்வா?"

உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். உன்னை மட்டும் எழுது எழுது என்று விரட்டினேன், என்னுடையதை மறைத்துக்கொண்டேன். அன்றைக்கு எல்லாரையும் போல நானும் மைதான ஓரத்தில் காரை நிறுத்தி உள்ளே உட்கார்ந்திருந்தேன். முதல் குவார்ட்டரில் முர்ரே அந்தப் பையனைச் சாய்த்ததும் நம் பக்கத்துக் கார்கள் எல்லாம் ஹாரன் அடித்தன, கோல் போட்டால் அடிப்போமே, அதே மாதிரி. நானும் அடித்தேன். என் மகன் திரும்பிப் பார்த்தான். நம் காரைத்தான் பார்த்தான். நான் சிரித்தேன் கிளாரி. யாரும் நிறுத்தவில்லை என்று விசாரணையில் சொன்னானே, அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னை அவன் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் என்னைக் கொல்கிறது.

தெல்மாவிடம் அதைச் சொன்னேன். "நானும் ஹாரன் அடிச்சேன் தெல்மா" என்றேன்.

அவள் கோப்பையைக் கழுவிக்கொண்டே, "தெரியும்" என்றாள். "உன் காருக்கு முன்னாடிதான் வேலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். எத்தனை தடவை அடிச்சே?"

"மூணு தடவை."

"நாலு" என்றாள் தெல்மா.

தண்ணீர் அழுக்காகிவிட்டது என்று தொட்டியைத் திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்தாள். "அடுத்த வருஷமும் கேளு. அவங்க கேட்க மாட்டாங்க, இருந்தாலும் கேளு. ஆனா அப்ப அந்த நாலையும் சேர்த்துச் சொல்லு" என்றாள். சொல்கிறேன் என்றேன். சொல்வேனா என்று எனக்கே தெரியவில்லை. உன்னைக் கோழை என்று எழுதிய கைதான் இது.

மிச்சக் கோப்பைகளையும் துடைத்து அடுக்கினோம். வீட்டுக்கு வந்ததும் முர்ரே, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டான். தோற்றுப்போனதை மட்டும் சொன்னேன்.

வெயிலில் தொப்பி இல்லாமல் வேலை செய்யாதே. பதில் போடு.

உன் அக்கா எல்வா